ஒன்பது வயதுக் கணினியில் ஒரு புது ரேஸ் கேம்

ஃபோர்ஸா ஹொரைஸன் 5 என்ற கார் ரேஸ் கேம் வெளிவந்தது 2021 நவம்பரில். என் மேசைக்கடியில் இருந்த கணினியின் பிராசசர் 2012-இல் வந்த இன்டெல் ஐ5-3470. நான்கு கோர், நான்கே திரெட், அதாவது ஒரே நேரத்தில் நான்கு வேலைதான் பார்க்கும். கிராஃபிக்ஸ் கார்டு ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 4 ஜிபி. ரேம் 8 ஜிபி, ஒரே குச்சி. கேம் கேட்ட குறைந்தபட்சத் தகுதியோ ஐ5-4460, ஜிடிஎக்ஸ் 970, 8 ஜிபி ரேம், 110 ஜிபி இடம். அதாவது ரேமையும் இடத்தையும் தவிர வேறு எதிலும் நான் தேறவில்லை. அந்தச் சமயத்தில் உலகம் முழுக்கவே கிராஃபிக்ஸ் கார்டுக்குத் தட்டுப்பாடு. கார்டை மாற்று என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகர வேண்டியதுதான். இருப்பதை வைத்து ஓட்டிப் பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

கேம் திறந்தது, ஓடவும் செய்தது. எல்லாச் செட்டிங்கையும் லோ-வில் வைத்துவிட்டு மூலையில் எஃப்பிஎஸ் எண்ணை, அதாவது விநாடிக்கு எத்தனை ஃபிரேம் (படம்) வருகிறது என்பதைப் பார்த்தால் 52, 54 என்று காட்டியது. பரவாயில்லையே என்று சந்தோஷப்பட்டேன். ஆனால் ஓட்ட முடியவில்லை. நேர்ச்சாலையில் ஒழுங்காகப் போகும் கார், வளைவு வரும்போது ஒரு கணம் அப்படியே நிற்கும். மறுகணம் பார்த்தால் வேலியில் இருக்கும். பிரேக்கை எப்போது அழுத்தினேன், அது எப்போது பிடித்தது என்று எனக்கே தெரியாது. 54 காட்டும் கேம் ஏன் இப்படித் திக்குகிறது என்று புரிய எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

கணக்கு எளிமையானதுதான். 200 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு விநாடியில் 55 மீட்டருக்கு மேல் கடக்கும். விநாடிக்கு 60 ஃபிரேம் என்றால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் 16.7 மில்லி விநாடி, அதற்குள் கார் நகர்வது ஒரு மீட்டருக்கும் குறைவு. இப்போது ஒரே ஒரு ஃபிரேம் மட்டும் 150 மில்லி விநாடி எடுத்துக்கொள்கிறது என்று வையுங்கள். கார் எட்டு மீட்டர் தாண்டியிருக்கும், நீங்கள் ஒன்றையும் பார்த்திருக்க மாட்டீர்கள். ஆனால் எண் என்ன சொல்லும்? முதல் 850 மில்லி விநாடியில் 51 ஃபிரேம், மீதி 150-இல் ஒன்று. மொத்தம் 52. நல்ல மார்க்தான்! துப்பாக்கிச் சண்டை கேமில் இது ஒரு எரிச்சலோடு போய்விடும். ரேஸில் அந்த எட்டு மீட்டருக்குள்தான் பிரேக் போட வேண்டிய இடமே இருக்கும்.

அதனால் முதலில் எஃப்பிஎஸ் எண்ணைப் பார்ப்பதை நிறுத்தினேன். எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர், அதோடு வரும் ரிவாட்யூனர் என்ற இரண்டு மென்பொருள்கள் இருந்தால் ஒவ்வொரு ஃபிரேமும் எடுத்துக்கொள்ளும் நேரத்தைத் திரையிலேயே கோடாக வரையலாம். கோடு தட்டையாக இருந்தால் எண் 40 என்றாலும் ஓட்டலாம். ஊசி ஊசியாகக் குத்திக்கொண்டு நின்றால் எண் 70 என்றாலும் ஓட்ட முடியாது. அதன்பிறகு நான் செய்த எல்லா வேலையும் அந்த ஊசிகளைப் பிடுங்கும் வேலைதான்.

நான் செய்த முதல் முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். பழைய கணினி என்றாலே எல்லோரும் முதலில் ரெசல்யூஷனில்தான் கை வைப்பார்கள், நானும் வைத்தேன். 1080-இலிருந்து 720-க்கு இறக்கினால் திரையில் வரைய வேண்டிய புள்ளிகள் 20.7 லட்சத்திலிருந்து 9.2 லட்சமாகக் குறையும், பாதிக்கும் கீழே. எஃப்பிஎஸ் 54-இலிருந்து 56 ஆனது. அவ்வளவுதான். படம் மட்டும் கண்ணாடி போடாமல் பார்த்த மாதிரி ஆகிவிட்டது. இரண்டு நாள் அந்த மங்கலிலேயே ஓட்டிவிட்டு, அப்புறம்தான் கார்டு எவ்வளவு வேலை செய்கிறது என்று கவனித்தேன். அறுபது சதவீதம். பிராசசரின் நான்கு கோர்களும் நூறு. கார்டு சும்மா உட்கார்ந்திருக்கிறது, அதற்கு வேலை எடுத்துக் கொடுக்க வேண்டிய பிராசசர்தான் மூச்சு வாங்குகிறது. இந்த நிலையில் ரெசல்யூஷனைக் குறைப்பது, சமையல்காரர் திணறும்போது பரிமாறுபவரின் பாரத்தைக் குறைப்பது போல.

ரெசல்யூஷனை ஒருமுறை இறக்கிப் பாருங்கள். எஃப்பிஎஸ் நன்றாக ஏறினால் தடை கார்டில் இருக்கிறது. அசையாமல் அப்படியே இருந்தால் தடை பிராசசர் பக்கம். இந்தக் கேமில் உள்ளேயே ஒரு பெஞ்ச்மார்க் (வேகச் சோதனை) இருக்கிறது, அது கார்டுக்குத் தனியாகவும் பிராசசருக்குத் தனியாகவும் எண் போட்டுக் காட்டும். அதை முதல் நாளே ஓட்டியிருந்தால் எனக்கு ஒரு வாரம் மிச்சம்.

சரி, பிராசசர் ஏன் இவ்வளவு திணறுகிறது? பழசுதான், ஆனால் அந்த அளவுக்கா? வெப்பநிலையைத் திரையில் போட்டுப் பார்த்தேன். ரேஸ் தொடங்கி நான்கு நிமிடத்தில் 100 டிகிரியைத் தாண்டிவிட்டது. 3.4 ஜிகாஹெர்ட்ஸில் ஓட வேண்டியது, சூடு தாங்காமல் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது, ஆறியதும் ஏறுகிறது, மறுபடி இறங்குகிறது. கோட்டில் இருந்த ஊசிகளில் பாதி அந்த ஏற்ற இறக்கம்தான்.

கேபினட்டைத் திறந்தேன். பிராசசர் மேல் இருந்து சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க்கின் அலுமினியத் தகடுகளுக்கு நடுவே இடைவெளி இருக்க வேண்டும் அல்லவா, அங்கே சாம்பல் நிறத்தில் கம்பளி மாதிரி தூசி. விரலால் பிடித்து இழுத்தால் ஒரே படலமாக உரிந்து வந்தது. ஃபேன் என்னவோ சுற்றிக்கொண்டுதான் இருந்தது, காற்றுதான் உள்ளே போகவில்லை. ஹீட்சிங்க்கைக் கழற்றினால் அடியில் சூட்டைக் கடத்துவதற்காக இருந்த தெர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்புப் பொடியாக உதிர்ந்தது. ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துணியை நனைத்து இரண்டு பக்கமும் பளபளவென்று துடைத்துவிட்டு, நடுவில் ஒரு சின்னப் பட்டாணி அளவு புதுப் பேஸ்ட் வைத்து மூடினேன். அதிகம் வைத்தால் நல்லது என்று நினைக்க வேண்டாம், பிதுங்கி ஓரத்தில் வழியும்.

போட்டு ஓட்டினால் மறுபடி 90-ஐத் தாண்டியது! பேஸ்ட்டைத் திட்டினேன். தப்பு என்னுடையது. இன்டெல்லோடு வரும் அந்த வட்ட ஹீட்சிங்க்குக்கு நான்கு பிளாஸ்டிக் கால்கள். அழுத்தினால் டக்கென்று சத்தம் வர வேண்டும். மூன்றுதான் சத்தம் போட்டிருக்கின்றன, நான்காவது பாதியில் நின்றிருக்கிறது. ஹீட்சிங்க் ஒரு பக்கம் லேசாகத் தூக்கிக்கொண்டு நின்றது கண்ணுக்குத் தெரியவே இல்லை. மதர்போர்டின் பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தால்தான் நான்கு கால்களின் நுனியும் வெளியே வந்திருக்கிறதா என்று தெரியும். எதிரெதிர் மூலைகளை ஜோடி ஜோடியாக அழுத்துங்கள். இன்னொன்று: தூசியைக் காற்றடித்து ஊதும்போது ஃபேனை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அது அளவு மீறிச் சுற்றிப் பேரிங் போய்விடும்.

நான்காவது கால் உட்கார்ந்த பிறகு வெப்பம் 71-ஐத் தாண்டவில்லை. வேகம் 3.4-ஐ விட்டு இறங்கவில்லை. ஒரு செட்டிங்கையும் தொடாமல், பாதி ஊசிகள் காணாமல் போயின. பழைய கணினியில் புதுக் கேம் ஓடவில்லை என்று யார் சொன்னாலும் நான் முதலில் கேட்பது, கேபினட்டைக் கடைசியாக எப்போது திறந்தீர்கள் என்பதுதான்.

அடுத்தது ரேம். 8 ஜிபி போதும் என்று கேம் சொன்னாலும், ஒரே குச்சியாக இருந்தால் ஒரே சேனலில், அதாவது பிராசசருக்குப் போகும் ஒரே பாதையில்தான் ஓடும். என்னிடம் இருந்த டிடிஆர்3-1600 வகை ரேம் ஒரு சேனலில் விநாடிக்கு 12.8 ஜிபி வரை கொண்டுபோகும், இரண்டு சேனல் என்றால் 25.6. பிராசசர்தான் தடை என்று தெரிந்த பிறகு அதற்குச் சாப்பாடு போடும் பாதையை ஒற்றை வழியாக வைத்திருப்பது அபத்தம். யாரோ கழற்றிப் போட்ட பழைய 8 ஜிபி குச்சி ஒன்று கிடைத்தது. காலியாக இருந்த பக்கத்து ஸ்லாட்டில் செருகினேன். விண்டோஸ் 16 ஜிபி காட்டியது, நான் மகிழ்ந்தேன், கேமில் சொல்லிக்கொள்ளும்படி மாற்றமே இல்லை. சிபியு-இசட் என்ற மென்பொருளைத் திறந்து பார்த்தால் சேனல் என்ற இடத்தில் சிங்கிள் என்றே இருக்கிறது. என் போர்டில் நான்கு ஸ்லாட்டுகள், பக்கத்துப் பக்கத்தில் இருப்பவை ஒரே சேனலைச் சேர்ந்தவை. ஒன்று விட்டு ஒன்றில் மாற்றிச் செருகியதும் டூயல் ஆனது. போர்டுக்குப் போர்டு இது மாறும், அதனால் நிறத்தை நம்பாமல் கையேட்டைப் பாருங்கள். சராசரி ஐந்தாறு ஃபிரேம்தான் ஏறியது, ஆனால் அடிமட்ட எண் நன்றாக மேலே வந்தது. பன்னிரண்டு கார்கள் ஒரே வளைவில் முட்டிக்கொள்ளும் ரேஸின் தொடக்கத்தில் அது தெரிந்தது.

இதையும் சொல்ல வேண்டும்: சோதனை செய்வதென்றால் அந்த முதல் வளைவில்தான் செய்ய வேண்டும். காலியான பாலைவனச் சாலையில் போய் எஃப்பிஎஸ் பார்த்து மகிழ்வதில் பயனில்லை. இந்தக் கேமில் என் கணினியை அதிகம் வாட்டியது மெக்சிகோவின் குவானஹுவாட்டோ நகரத்தின் குறுகிய தெருக்கள். வீடுகள், படிகள், சுரங்கப்பாதைகள் என்று நெருக்கமாக இருப்பதால் பிராசசருக்கு மூச்சுவிட நேரமில்லை. புழுதிப்புயல் வரும்போது கதை வேறு, அங்கே அடி கார்டுக்கு. ஒளி ஊடுருவும் தூசி அடுக்குகளை ஒன்றின் மேல் ஒன்றாக வரைய வேண்டும் அல்லவா. அங்கே ஒருமுறை, நகரத்தில் ஒருமுறை, மழையில் கூட்டமான தொடக்கத்தில் ஒருமுறை. இந்த மூன்றும் தேறினால் மற்ற இடங்கள் தானே தேறும்.

ஹார்ட் டிஸ்க்கைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை, மாற்றிவிடுங்கள். திறந்த உலக ரேஸ் கேம் என்பது நீங்கள் போகும் வேகத்துக்கு ஈடாகச் சாலையையும் மரத்தையும் டிஸ்க்கிலிருந்து எடுத்துக்கொண்டே இருக்கும் கேம். ஹார்ட் டிஸ்க்கின் ஊசி தட்டில் அங்குமிங்கும் தாவித் தேடுவதற்குள் கார் அந்த இடத்துக்கே போய்ச் சேர்ந்துவிடும். 250-இல் போகும்போது முன்னால் மரங்கள் பச்சைக் களிமண் உருண்டைகளாக நின்று, நான் தாண்டும் நேரத்தில் இலை முளைத்ததைப் பார்த்திருக்கிறேன். சாட்டா ஒயரில் செருகும் சாதாரண எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத டிஸ்க்) போதும், பழைய போர்டிலும் பொருந்தும். மீதமிருந்த பெரிய திக்கல்களில் பெரும்பாலானவை அதோடு போயின.

இப்போது கார்டின் நினைவகம். 4 ஜிபி என்பதில் விண்டோஸும் திறந்திருக்கும் பிரவுசரும் ஒரு பங்கு எடுத்துக்கொள்ளும். கேம் மீதியைத் தாண்டினால், வழிந்தது ரேமுக்குப் போகும், அங்கிருந்து ஒவ்வொரு முறையும் எடுத்து வர வேண்டும். திக்கல் வரும் இன்னொரு வழி இது. பிரவுசரை மூடினேன். டெக்ஸ்சரை (பரப்புகளின் மேல் ஒட்டும் படங்கள்) இன்னும் ஒரு படி இறக்கினேன், எஃப்பிஎஸ் ஏறவே இல்லை, ஆனால் கோடு தட்டையானது. ஓரங்களின் பிசிறை மழுப்பும் எம்எஸ்ஏஏ-வை இரண்டுக்கு மேல் வைக்க வேண்டாம், அதுவும் நினைவகத்தைத் தின்னும்.

மற்ற செட்டிங்குகளில் எனக்குச் சில பிடிவாதங்கள் உண்டு. அனைசோட்ரோபிக் ஃபில்டரிங் என்று ஒன்று இருக்கும், எல்லாவற்றையும் குறைக்கும் வேகத்தில் இதையும் குறைத்துவிடுவார்கள். குறைக்காதீர்கள். ரேஸில் கண் எப்போதும் தூரத்துச் சாலையில்தான் இருக்கும், அந்தச் சாலை மிகச் சாய்ந்த கோணத்தில் தெரிவதால் இது இல்லாவிட்டால் கோடுகளும் தார் ஒட்டுகளும் கூழாகிவிடும். இதற்கு ஆகும் செலவோ மிகக் குறைவு. நேர்மாறாக, காரின் உடம்பில் தெரியும் பிரதிபலிப்பை ஓட்டும்போது யார் பார்க்கிறார்கள்? சுற்றியிருக்கும் உலகத்தை இன்னொரு முறை வரைந்துதான் அந்தப் பளபளப்பு வருகிறது. இறக்கிவிடலாம். கண்ணாடியும் அப்படித்தான், பின்னால் இருப்பதை வரைய இன்னொரு கேமரா. பின்னால் யார் வருகிறார்கள் என்று தெரிந்தால் போதும், அவர் முகம் தெரிய வேண்டியதில்லை. நிழலை லோ-விலேயே விட்டேன், இரவு நிழலை அணைத்தேன். காருக்குப் பின்னாலிருந்து பார்க்கும் கோணத்தை விட்டுவிட்டு பானட் மேலிருந்து பார்க்கும் கோணத்துக்கு மாறினேன், கொஞ்சம் வேலை குறைந்தது. என் காரின் பின்புறம் எப்படி இருக்கிறது என்பதே மறந்துபோனது வேறு விஷயம்.

இவ்வளவுக்கும் பிறகு கணினி 50-க்கும் 65-க்கும் நடுவில் நின்றது. இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த வித்தை. என் மானிட்டர் 60 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 60 முறை படத்தை மாற்றும். மானிட்டரின் தாளத்துக்கு ஃபிரேமைக் காத்திருக்க வைக்கும் விசின்க்கைப் போட்டால், 16.7 மில்லி விநாடியில் முடியாத ஃபிரேம் அடுத்த முறைக்குத் தள்ளிப்போய் 33.3 ஆகும். 52 ஃபிரேம் வந்தாலும் சில 16, சில 33 என்று நொண்டியடிக்கும். விசின்க் எடுத்தால் படம் நடுவில் கிழியும். 30-இல் பூட்டினால் நிலையாக இருக்கும், ஆனால் ஸ்டீயரிங் சேற்றில் சுற்றுவது போல இருக்கிறது. 60-ஐ எப்போதும் பிடிக்க இந்தப் பிராசசரால் ஆகாது. அப்படியானால் மானிட்டரையே கீழே இறக்கினால் என்ன?

கார்டோடு வரும் என்விடியா கன்ட்ரோல் பேனலில் ரெசல்யூஷன் பக்கத்தில் மானிட்டரின் ரிஃப்ரெஷ் ரேட்டை, அதாவது அந்த ஹெர்ட்ஸ் எண்ணை மாற்றலாம். 1080-இல் 50 ஹெர்ட்ஸைப் பல மானிட்டர்கள் முனகாமல் ஏற்றுக்கொள்ளும், பட்டியலில் இல்லாவிட்டால் கஸ்டம் என்று போட்டுச் சேர்க்கலாம். ஒத்துவராவிட்டால் திரை சில விநாடி கறுத்துவிட்டுப் பழையபடி வந்துவிடும், பயப்பட வேண்டாம். மானிட்டரை 50-இல் வைத்தேன், ரிவாட்யூனரில் கேமையும் 50-இல் பூட்டினேன். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் 20 மில்லி விநாடி. 16.7-இல் முடிக்கத் திணறிய பிராசசருக்கு அந்த 3.3 மில்லி விநாடி பெரிய மூச்சு. கோடு ஸ்கேல் வைத்து இழுத்தது போல ஆனது. அன்று இரவு நகரத் தெருக்களில் இடிக்காமல் ஒரு சுற்று முழுக்க ஓட்டினேன். 60-க்கும் 50-க்கும் வித்தியாசம் தெரியாது என்று சொல்ல மாட்டேன், பக்கத்தில் வைத்தால் தெரியும். ஆனால் நிலையான 50-ஐ நொண்டும் 60-க்கு மாற்றிக்கொள்ளச் சொன்னால் மாட்டேன்.

பலனில்லாமல் போனவையும் இருக்கின்றன. கேம் பூஸ்டர் என்ற பெயரில் வரும் மென்பொருள் ஒன்றைப் போட்டேன். அது என்ன செய்ததோ, பின்னணியில் தானே ஒரு கோரைத் தின்றது. பேஜ் ஃபைலை (ரேம் போதாதபோது விண்டோஸ் டிஸ்க்கில் பயன்படுத்தும் இடம்) அணைத்தால் வேகம் கூடும் என்று எங்கோ படித்துவிட்டு அணைத்தேன். இருபது நிமிடத்தில் கேம் ஒரு வார்த்தை சொல்லாமல் மூடிக்கொண்டது, அதுவும் கடைசிச் சுற்றில். மறுபடி இயக்கியதும் சரியானது. ரேம் தாராளமாக இருந்தாலும் பேஜ் ஃபைலை விண்டோஸ் பொறுப்பிலேயே விட்டுவிடுவதுதான் உத்தமம். கார்டின் டிரைவரைப் புதுப்பித்த பிறகு முதல் ஓட்டத்தில் திக்கினால் பதற வேண்டாம், ஷேடர்களை (கார்டு வரைவதற்கான சிறு நிரல்கள்) மறுபடி தயார் செய்யும் வேலை நடக்கும். திரையில் ஓடும் அந்தப் பட்டை முடியும்வரை எழுந்து நடந்துவிட்டு வாருங்கள்.

கார்டு மாற்ற நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1050 டிஐ 75 வாட்டுக்குள் அடங்குவதால் பெரும்பாலான மாடல்கள் ஸ்லாட்டிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும், தனி ஒயர் வேண்டாம். என் பழைய பவர் சப்ளைக்கு அதனால்தான் அது ஒத்துவந்தது. அதைவிடப் பெரிய கார்டு என்றால் பவர் சப்ளையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். ஒயரைப் பிரித்து இணைக்கும் அடாப்டர் போட்டுச் சமாளிக்கலாம் என்று தோன்றும், பத்து வருடப் பவர் சப்ளையில் அந்த விளையாட்டு வேண்டாம்.

இன்னும் புதிய கேம் வாங்குகிறவர்கள் வேகத்தை மட்டும் பார்த்தால் போதாது. ஐ5-3470-க்கு ஏவிஎக்ஸ் என்ற கட்டளைத் தொகுப்பு உண்டு, அதற்கு அடுத்து வந்த ஏவிஎக்ஸ்2 கிடையாது. இன்டெல்லில் அது 2013-இல் வந்த நான்காம் தலைமுறையில்தான் சேர்ந்தது. அது இல்லாவிட்டால் சில கேம்கள் திறக்கவே திறக்காது, அங்கே எந்தச் செட்டிங்கும் உதவாது. ஸ்டீம் என்ற இணையக் கடையில் வாங்கினால் 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பக் கேட்கலாம். ஆனால் கேம் திறந்திருக்கும் நேரமெல்லாம் அந்த இரண்டு மணியில் கழியும், மெனுவில் உட்கார்ந்து செட்டிங் மாற்றுவது உட்பட. அதனால் பணம் கட்டுவதற்கு முன்பே தூசி தட்டி, பேஸ்ட் மாற்றி, டிரைவர் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். கேம் வந்ததும் நேராகக் கூட்டமான ஒரு ரேஸுக்குள் போங்கள்.

2023-இல் ஃபோர்ஸா மோட்டார்ஸ்போர்ட் வந்தபோது தகுதிப் பட்டியலைப் படித்தேன். ஐ5-8400, ஜிடிஎக்ஸ் 1060, எஸ்எஸ்டி கட்டாயம். கட்டாயம் என்ற அந்த ஒன்று மட்டும் என்னிடம் இருந்தது. சிரித்துவிட்டுப் பக்கத்தை மூடினேன். கேபினட்டை ஆறு மாதத்துக்கு ஒருமுறை திறந்து ஊதுகிறேன். மானிட்டர் இன்னும் 50-இல்தான் இருக்கிறது, மாற்றி வைக்க மறந்தே போய்விட்டது.